வெள்ளத்தில் வந்த கதவு

சிரஞ்சீவி மகனுக்கு,

இவ்விடம் எல்லோரும் நலம் என்று எழுதினேன். எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் என்பது நானும் பூனையும்தான். பூனைக்கும் நான் நலமாக இருப்பதில் பெரிய அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. உன் கடிதம் வந்தது, அதை நினைவூட்டி இன்னொரு கடிதம் வந்தது, அதன் பிறகு உன் மாமனார் ஆள் மூலமாகவும் சொல்லி அனுப்பினார். தூத்துக்குடியில் வீடு கட்டி, ஓடு வேய்ந்து, சுண்ணாம்பும் அடித்தாயிற்று, தலைவாசல் மட்டும் திறந்து கிடக்கிறது, நம் சிந்துபூந்துறை வீட்டுக் கதவு வந்து மாட்டிய பிறகுதான் பால் காய்ச்சுவேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கதவு வந்த பிறகுதான் நம் குடும்பம் தலையெடுத்தது என்றும், அதை விட்டுவிட்டுப் புது வீட்டில் கால் வைக்கத் துணிவில்லை என்றும் எழுதியிருந்தாய். அதே கடிதத்தின் அடியில் மருமகள் பொடி எழுத்தில், "மாமா, கதவு இல்லாட்டாலும் எனக்குச் சம்மதம், இங்கே மழை ஒழுகுது" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாள். மாசமாக இருக்கும் பெண்ணை ஒழுகும் வாடகை அறையில் வைத்துக்கொண்டு ஒரு மரப்பலகைக்காகக் காத்திருக்கிறாய். உன்னைத் திட்டலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இந்தப் பைத்தியத்தை உனக்கு ஊட்டி வளர்த்தவன் நான். அதனால் திட்டை எனக்கே வைத்துக்கொண்டு, கதவைப் பற்றி நீ அறியாததைச் சொல்கிறேன். அது வருமா வராதா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் மீதியை நீ படிக்க மாட்டாய்.

அந்த ஐப்பசி வெள்ளம் வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். வெள்ளம் வந்தால் பெண்கள் படித்துறையில் மஞ்சளும் பூவும் விட்டு ஆற்றைக் கும்பிடுவார்கள். அவர்கள் கும்பிட்டு முடிந்ததும் ஆண்கள் வடமும் தொரட்டியும் எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். மலையிலிருந்து அடித்துக்கொண்டு வரும் மரம், கூரைக் கம்பு, சில சமயம் அண்டா, எது வந்தாலும் பிடித்தவனுக்குச் சொந்தம். ஆறு கொடுத்தது என்பார்கள். யாரிடமிருந்து எடுத்துக் கொடுத்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. அன்று நானும் இடுப்பில் வடத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன். நடுவெள்ளத்தில் பாய்ந்து நான் அந்தக் கதவைப் பிடித்ததாக உனக்கு எத்தனையோ முறை கதை சொல்லியிருக்கிறேன் அல்லவா? நடந்தது அதுவல்ல. பாசியில் கால் வழுக்கி விழுந்தேன். வடத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தவர் அந்த நேரம் பார்த்துப் பொடி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் என்னைப் புரட்டியபோது கையில் ஒரு பலகை தட்டுப்பட்டது. உயிர் போகிற பயத்தில் அதைக் கட்டிக்கொண்டேன். கரைக்கு இழுத்துப் போட்ட பிறகுதான் அது கதவு என்று தெரிந்தது. ஒற்றைத் தேக்குக் கதவு, வரிசை வரிசையாகத் தாமரைப் பூக்கள், மேலே சின்னச் சின்ன வெண்கல மணிகள். அவ்வளவு தூரம் அடித்து வந்தும் ஒரு மணிகூட உதிரவில்லை. கரையில் சாத்தி வைத்தபோது காற்றே இல்லை. ஆனாலும் மணிகள் எல்லாம் ஒருமுறை அசைந்து ஓய்ந்தன. சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

ஆசாரி அதை மாட்ட மறுத்தார். "ஒரு வீட்டுத் தலைவாசல் கதவ இன்னொரு வீட்டுல மாட்டக் கூடாதுவே. அது அந்த வீட்டு ஆளுகளுக்குத் தொறந்து பழகுனது" என்றார். "அப்ப என் வீட்டு ஆளுகளுக்கும் பழகிக்கிடும், நீரு ஆணிய அடியும்" என்றேன். நெல்லையப்பரே ஆற்றில் போட்டு அனுப்பியிருக்கிறார், வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்றும் சேர்த்துக்கொண்டேன். நமக்கு லாபம் வருகிற இடத்தில் கடவுளின் கையைக் காண்பதில் எனக்கு நிகர் கிடையாது. ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன், அதனால் மற்றவர்களைவிட இருமடங்கு புத்தி என்ற நினைப்பு வேறு.

மாட்டிய சில நாளில் காற்றில்லாத ஒரு காலையில் மணிகள் அடித்தன. அன்று மத்தியானம் காயல்பட்டினத்திலிருந்து ஒரு வியாபாரி நம் பாத்திரக்கடைக்கு வந்து, மகள் கல்யாணத்துக்கென்று அண்டா, குண்டா, தாம்பாளம் என்று கடையில் பாதியை வாங்கிக்கொண்டு போனார். இன்னொரு நாள் அடித்தது, அன்று நீ முதல் அடி எடுத்து வைத்தாய். போதாதா? அதன் பிறகு நான் கதவைப் பார்த்தே வாழ ஆரம்பித்தேன். அம்பட்டர் வந்தால் கதவைப் பார்த்து உட்கார்ந்துதான் சவரம். சாப்பிட உட்கார்ந்தாலும் இலைக்கு நேரே வாசல் தெரிய வேண்டும். மணி அடித்தால் இன்று என்ன வருமோ என்று பறப்பேன். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று மாய்வேன். வந்த சந்தோஷத்தைவிட வரப்போகிற சந்தோஷத்துக்குக் காவல் இருந்த நாள்தான் அதிகம். உன் அம்மை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் சொன்னாள். "பேசாம அந்தக் கதவுக்கு ஒரு தாலியக் கெட்டிருங்க. நான் பொறந்த வீட்டுக்குப் போயிருதேன்." நான் விடாமல், "அது அடிச்சா நல்லது நடக்குதுல்லா?" என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "சின்னக்குட்டி காய்ச்சல்ல கண்ண மூடிக் கெடந்தாளே, அன்னைக்குக் காலையிலயும் அடிச்சுது. நீங்க கடைக்கு ஓடிட்டிய, நான் கேட்டேன்" என்றாள். உன் தங்கை பிழைத்தது அந்தக் கதவாலும் அல்ல, என்னாலும் அல்ல. மணி நல்லதுக்கும் அடித்திருக்கிறது, கெட்டதுக்கும் அடித்திருக்கிறது, ஒன்றுமில்லாததுக்கும் அடித்திருக்கிறது. நல்லதை மட்டும் நான் பொறுக்கி எடுத்துக் கடவுள் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதை உன் அம்மைக்குத் தவிர யாருக்கும் சொன்னதில்லை.

நீயும் தங்கையும் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள், உச்சி வெயில். உன் அம்மை துவைக்க ஆற்றுக்குப் போயிருந்தாள். நான் கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஈ காக்கை இல்லை. வாசலில் ஒரு மனுஷர் நின்றார். வெளுத்த வேட்டி, கக்கத்தில் மடக்கிய குடை, என் வயதுதான் இருக்கும். என்னைப் பார்க்கவில்லை. திறந்திருந்த கதவை மேலிருந்து கீழாகப் பார்த்தார், தூரத்து ஊரிலிருந்து வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல. பிறகு குனிந்து, கீழ் வரிசையின் ஓரப் பூவை உள்ளங்கையால் அழுத்தினார். கதவுக்குள்ளே ஏதோ நகர்ந்தது. பக்கவாட்டில் ஒரு மரநாக்கு வெளியே நீண்டது. இத்தனை வருஷம் அந்தக் கதவை நாள்தோறும் திறந்து மூடியவன் நான். துடைத்து எண்ணெய் போட்டவள் உன் அம்மை. அப்படி ஒரு தாழ் அதற்குள் இருப்பது எங்களுக்கும் தெரியாது, ஆசாரிக்கும் தெரியாது.  ஏதோ நான் பிறர் வீட்டில் உட்கார்ந்திருப்பது போலவும், வீட்டுக்காரர் வந்துவிட்டது போலவும் இருந்தது.

"யாருவே நீரு?" என்றேன்.

"பயப்படாதியும் அண்ணாச்சி. கதவத் தூக்கிட்டுப் போக வரல. இதத் தலையில வச்சுக்கிட்டுப் போற தெம்பா எனக்கு இருக்கு?" என்று சிரித்தார். சேரன்மகாதேவிக்கு மேற்கே ஆற்றோரத்தில் ஒரு சிற்றூராம். இவர் அம்பாசமுத்திரம் சந்தைக்குப் போயிருந்த அன்று வெள்ளம் வந்தது. திரும்பிப் பார்த்தால் தெரு இருந்த இடத்தில் ஆறு ஓடியது. மண்சுவர் வீடு கரைந்து போயிருந்தது. உள்ளே அவர் மனைவி. அதன் பிறகு தங்கை வீட்டில் இருக்கிறார். கல்யாணச் சீருக்குப் பாத்திரம் பார்க்க டவுணுக்கு வந்த இடத்தில், வெள்ளத்தில் கதவு பிடித்த பாத்திரக்கடைக்காரர் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஊரெல்லாம் சொன்னவன் நான்தானே, அது அவர் காதுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

 "ஆறு எனக்குக் குடுத்ததுன்னு நெனச்சுட்டேன்" என்றேன்.

"குடுத்ததுதான். எங்கிட்ட எடுத்ததும் அதே ஆறுதான. அதுக்கு உம்மயும் தெரியாது, என்னயும் தெரியாது."

"சாமிக்குத் தெரியும்லா?"

"தெரியும்னுதான் நெனைக்கேன். தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்யுதாருன்னுதான் எனக்குப் பிடிபடல. கேட்டுப் பாத்தேன். அவரும் உம்ம மாதிரிதான் முழிக்காரு."

கதவை எடுத்துக்கொள்ளும், வண்டி வைத்து அனுப்புகிறேன் என்றேன். உள்ளபடியே சொன்னேனா, வேண்டாம் என்பார் என்ற தைரியத்தில் சொன்னேனா என்று இன்றுவரை எனக்கே தெரியாது. அவர் தலையை ஆட்டினார். "வீடு இருந்தால்லா கதவு வேணும். எனக்கு வேற ஒண்ணு வேணும். மத்தியானம் வயல்லேருந்து வந்து இந்தக் கதவத் தட்டுவேன். என் காலடி அவளுக்கு நல்லாத் தெரியும். இருந்தாலும் உள்ள இருந்து யாருன்னு கேப்பா. நாந்தான்னு சொன்னாத்தான் தொறப்பா. ஒரு நாள் விளையாட்டுக்குத் தாசில்தார்னு சொன்னேன். அன்னைக்குச் சோறு பிந்திட்டு. ஒரு தடவ தட்டிப் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி. நீரு உள்ள இருந்து சும்மா யாருன்னு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்."

இதில் என்ன கஷ்டம்? நான் உள்ளே நின்று கதவைச் சாத்தினேன். வீடு இருட்டாயிற்று. வெளியே செருப்புச் சத்தம் கொஞ்சம் தூரம் போய், திரும்பி வந்தது, வயலிலிருந்து வருகிறவரைப் போல. தட்டினார். நான் வாயைத் திறந்தேன். கடையில் ஒரு சொம்பு விற்க ஓராயிரம் வார்த்தை பேசுகிறவனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அப்போது எனக்குப் பின்னால், அடுக்களைப் பக்கத்திலிருந்து, "யாரு?" என்று கேட்டது. பெண்குரல். பதற்றமில்லாத குரல். பதில் தெரிந்துகொண்டே கேட்கிற குறும்பு அதில் இருந்தது. உன் அம்மை புறவாசல் வழியாக வந்துவிட்டாள் என்று நினைத்தேன், நல்ல சமயத்தில் கைகொடுத்தாள் என்று மூச்சும் விட்டேன்.

வெளியே அவர், "நாந்தான்" என்றார்.

கதவைத் திறந்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். அழுத முகம் அல்ல அது. உண்டு முடித்த முகம். அப்படி ஒரு நிறைவை நான் என் கல்லாப்பெட்டி நிரம்பிய நாளில்கூடக் கண்ணாடியில் பார்த்ததில்லை. கேட்டது யார் என்று அவர் கேட்கவே இல்லை. "போதும்வே. நல்லா இரியும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு ஆற்றுப்பக்கமாக நடந்து போனார். நான் அடுக்களைக்குப் போனேன். யாரும் இல்லை. அடுப்பு அணைந்திருந்தது. புறவாசல் உள்பக்கம் தாழ் போட்டபடி இருந்தது. தாழை நான் தொட்டுப் பார்த்தேன். சிலந்தி வலைகூட அறுபடாமல் இருந்தது. மறுபடியும் முன்னால் வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து யாரோ தட்டினார்கள்.  "பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டு உள்ள என்ன பண்ணுதிய? புதையலா பொதைக்கிய?" என்று உன் அம்மையின் குரல். தலையில் ஈரத்துணி வாளியோடு நின்றாள்.

நடந்ததைச் சொன்னேன். பயப்படுவாள் என்று நினைத்தேன். அடுக்களையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "பாவம், பசியோட வந்திருப்பா" என்று சொல்லி ஒரு செம்பு தண்ணீரை அந்த மூலையில் வைத்தாள். மறுநாள் மத்தியானம் நான் கடையிலிருந்து வந்தால் கதவு சாத்தியிருக்கிறது. தட்டினேன். உள்ளேயிருந்து, "யாரு?" என்றாள். நான் இரண்டு படி பின்னால் இறங்கினேன். பிறகு உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அன்றுமுதல் அதுவே வழக்கமாயிற்று. மத்தியானம் எதற்காகக் கதவைச் சாத்தி வைக்கிறாய் என்று நீ ஒருமுறை உன் அம்மையிடம் கேட்டாய், குரங்குக்காக என்று சொன்னாள். குரங்கு நான்தான். சில நாள் கலெக்டர் என்பேன், சில நாள் காசிக்குப் போய்விட்டு வந்த சாமியார் என்பேன், என்னவெல்லாமோ சொல்லி, கடைசியில் நாந்தான் என்றால்தான் தாழ் விலகும். கதவின் மணி அடிக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எப்போது நின்றது என்றே எனக்கு நினைவில்லை. அதன்பின் கடையில் ஏற்றமும் வந்தது, இறக்கமும் வந்தது. அந்த வருஷங்களைத்தான் நான் சந்தோஷமாக இருந்த காலம் என்று சொல்வேன். சந்தோஷம் எங்கே இருக்கிறது என்று கோயில் மண்டபத்துப் பிரசங்கியாரும் சொன்னார், தெருமுனையில் நின்று பாளையங்கோட்டைப் பாதிரியாரும் சொன்னார். பொருளில் இல்லை என்பதில் இருவருக்கும் சண்டையே இல்லை. இருவரையும் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்து குடத்துக்குக் கூடுதல் விலை சொன்னவன்தான் உன் அப்பன். வார்த்தையாகக் கேட்டால் எனக்கு ஏறுவதில்லை.

பொருளை வெறு என்று உனக்கு எழுதவில்லை. பாத்திரக்கடைக்காரன் அப்படி எழுதினால் எழுத்தே சிரிக்கும். நல்ல வீடு கட்டு, நல்ல பண்டம் வாங்கு, மருமகளுக்கு நகை செய்து போடு. ஆனால் கையில் வந்ததை, இது எனக்கென்றே மேலேயிருந்து இறங்கியது என்று மட்டும் சொல்லாதே. வெள்ளத்துக்கு மேற்கே ஒரு வீடு எப்போதும் இருக்கிறது. கடவுள் நம்மைப் பார்க்கிறாரா என்று கேட்டால், பார்க்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் அவர் பார்ப்பது கதவை அல்ல.

இனி நான் உனக்குப் பதில் போடாமல் இழுத்தடித்த காரணம். போன மார்கழியில் உன் அம்மையைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, நீங்களெல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு, கடைக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தேன். பூட்டிய வீடுதான், சாவி என் மடியில்தான். பழக்கத்தில் கை தட்டிவிட்டது. உள்ளே, "யாரு?" என்று கேட்டது.

நான் ஓடவில்லை. "நாந்தான்" என்றேன். பூட்டைத் திறந்து உள்ளே போனால் யாரும் இல்லை, உன் அம்மை வழக்கப்படி நான் மூலையில் வைத்திருந்த செம்புத் தண்ணீர் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பூனை அதையே பார்த்துக்கொண்டு நின்றது. அது உன் அம்மையா, அந்தப் பெண்பிள்ளையா, இருவரும் சேர்ந்து என்னைக் கேலி செய்கிறார்களா, எனக்குத் தெரியாது. தினமும் கேட்கும். தினமும் சொல்வேன். அந்த நேரத்தில்தான் நீ கதவைக் கேட்டு எழுதினாய். பொருளில் என்ன இருக்கிறது என்று இவ்வளவு எழுதுகிற கிழவன், ஒரு கதவைக் கொடுத்தால் அந்தக் குரலும் வண்டி ஏறிப் போய்விடுமே என்று நடுங்கிக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். மருமகளின் அந்த ஒரு வரிதான் உறுத்தியது. இங்கே மழை ஒழுகுது.

நேற்றுக் காலை ஆசாரியைக் கூப்பிட்டேன். கழற்றும்போது மணிகள் ஒன்றுகூடச் சத்தமிடவில்லை. "பாத்தீரா, இந்த வீட்டுக்குப் பழகித்தான் போச்சு" என்றார். வாசலுக்கு ஓர் ஓலைத்தட்டியைக் கட்டித் தொங்கவிட்டார். கதவை வைக்கோல் சுற்றி வண்டியில் ஏற்றினோம். அது வீதி திரும்புகிறவரை பார்த்துவிட்டுக் கடைக்குப் போனேன். இந்தக் கடிதம் கிடைத்த கையோடு அது உன்னிடம் வந்து சேரும். கீழ் வரிசை ஓரப் பூவை அழுத்தினால் தாழ் விழும், மருமகளிடம் காட்டு. உடனே பால் காய்ச்சு. அதில் அதிர்ஷ்டம் ஒன்றும் இல்லை, நல்ல தேக்கு, அவ்வளவுதான். மத்தியானம் வேலையிலிருந்து வந்தால் தட்டு. அவள் கேட்கட்டும். விளையாட்டுக்கு யார் பேரையும் சொல்லிக்கொள், ஆனால் சோறு பிந்தும்.

நேற்று மத்தியானம் கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வரக் கால் எழவில்லை. படித்துறையில் போய் உட்கார்ந்திருந்தேன். பிறகு வெயில் தாங்காமல் எழுந்து வந்தேன். ஓலைத்தட்டியை எப்படித் தட்டுவது? விரலால் தொட்டேன், சரசரவென்றது, அவ்வளவுதான். அது போதாதென்று தோன்றியது. தொண்டையைச் செருமலாமா என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

செருமுவதற்குள் உள்ளேயிருந்து கேட்டது.

நாந்தான் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பன்